மகன் எழுதிய தாய், பேத்தி எழுதிய பாட்டி

கி.பி. 387. தைபர் ஆறு கடலில் கலக்கும் ஒஸ்தியா துறைமுகத்தில் ஒரு வீடு. ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்த குடும்பத்தின் தாய் காய்ச்சலில் படுத்தார். ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. வயது 56. கடைசி மூச்சு அடங்கியதும் பேரன் கதறி அழுதான். பதினைந்து வயதுப் பையன். சுற்றி நின்றவர்கள் அவனை அடக்கினார்கள். விசுவாசத்தோடு கண்மூடிய ஒருவருக்கு ஒப்பாரி ஆகாது என்பது அவர்கள் எண்ணம். பையன் அழுகையை விழுங்கிக்கொண்டான். நண்பர் ஒருவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாட, வீட்டார் எல்லாரும் பதில் பாடினார்கள்.

இறந்தவர் மோனிக்கா. அழுத பையன் அதெயொதாத்துஸ். 'கடவுள் தந்தவன்' என்று பொருள்படும் பெயர். அவனுடைய அப்பா, பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயரான அகுஸ்தீனார். தாய் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதத் தொடங்கிய 'கன்பெஷன்ஸ்' நூலில், ஒன்பதாம் புத்தகத்தில் இந்த மரணம் வருகிறது. நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் அந்த நூலைப் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிவிடலாம். தாயைப் பற்றி மகன் எழுதியவற்றில் இவ்வளவு நெருக்கமான பக்கங்கள் உலகில் குறைவு. பேரனின் அழுகைக்கு அங்கே கிடைத்த இடம் மட்டும் மிகச் சிறியது. பாட்டி தனக்கு யாராக இருந்தார் என்று பின்னொரு நாள் எழுத அவனுக்கு ஆயுளும் இருக்கவில்லை. சில ஆண்டுகளில், பதினேழு வயதை ஒட்டி, அவனும் இறந்துபோனான்.

டோரதி டேயின் பேத்தி கேட் ஹென்னஸிக்கு அந்த ஆயுள் கிடைத்தது. அமெரிக்காவில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்ற இதழையும் இயக்கத்தையும் தொடங்கிய டோரதி, 1980 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் இறந்தார். அப்போது கேட்டுக்கு இருபது வயது. ஒன்பது பேரப்பிள்ளைகளில் கடைக்குட்டி. பாட்டியைப் பற்றி அவர் எழுதிய நூல் 2017இல்தான் வந்தது. 'அழகால் உலகம் மீட்கப்படும்' என்று பொருள்படும் அதன் தலைப்பு, டோரதி உயிராக நேசித்த தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்து வந்தது.

இவை இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கத் தூண்டியது எங்கள் ஆச்சியின் அடக்கம். அன்று கோவிலில் பங்குச் சாமியார் தம் பிரசங்கத்தில் ஆச்சியை மோனிக்கா என்றார். விடியற்காலைப் பூசை, மாலையில் குடும்பச் செபமாலை, பிள்ளைகளுக்காக வேளாங்கண்ணிக்கு நடந்துபோன நேர்ச்சை, முன்கோபக்காரக் கணவரைச் சகித்த பொறுமை எல்லாம் அதில் வந்தன. நல்ல பிரசங்கம்தான். ஆனால் எங்கள் சித்தப்பா, இருபது வருஷமாகக் கோவிலுக்குள் காலெடுத்து வைக்காதவர், கடைசித் தூணருகே நின்றுகொண்டிருந்தார். மோனிக்காவின் கண்ணீர் வீண்போகவில்லை, மகன் திரும்பி வந்தான் என்று சாமியார் சொன்னபோது சித்தப்பா தலைகுனிந்தார். ஆச்சியின் வாழ்க்கையில் நிறைவேறாமல் போன வேண்டுதல் தாமே என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சாவதற்கு முந்தின வாரம்கூட ஆச்சி மீன்குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் அவருக்குத்தான் கொடுத்தனுப்பினார். அது பிரசங்கத்தில் வரவில்லை.

பிள்ளை திரும்பி வந்தால்தான் தாயின் பக்தி பலித்ததா? திரும்பாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாயை எப்படி நினைவுகூர்வது? மோனிக்காவிடம் மட்டும் இதைக் கேட்டால் பதில் கிடைக்காது. டோரதியையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

மோனிக்கா பிறந்தது ஏறத்தாழ 331இல், தகாஸ்தே என்ற சிற்றூரில். இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்று வழங்கும் ஊர். கணவர் பத்ரீசியுஸ் நகர்மன்ற உறுப்பினர். சட்டென்று கோபம் வரும். மனைவிக்கு உண்மையாக இருந்தவரும் அல்லர். சாவுக்குச் சற்று முன்புதான் திருமுழுக்குப் பெற்றார். வேலைக்காரிகள் மூட்டிய கோளைக் கேட்டு மாமியார் முதலில் வெறுத்தார், பிறகு மருமகளின் பக்கம் வந்து சேர்ந்தார். நமக்கு மிகவும் பழகிய வீடு இது.

மகன் தாயைப் பொன்முலாம் பூசி நிறுத்தவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்த மோனிக்காவைப் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் மொண்டுவர அனுப்புவார்கள். முதலில் உதட்டை நனைத்துப் பார்த்தவர், நாளடைவில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கப் பழகிவிட்டார். உடன் போகும் அடிமைப் பெண் ஒரு சண்டையில் 'குடிகாரி' என்று ஏசியது சுருக்கென்று தைக்க, அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டார். ஓர் ஆயர், எல்லாரும் படிக்கப்போகும் நூலில், இறந்த தாயைப் பற்றி இதை எழுதுகிறார். நாம் அச்சடிக்கும் நினைவஞ்சலி அட்டைகளில் இப்படி ஒரு வரிக்கு இடம் கொடுப்போமா?

ஆனால் அதே நூலில் வேறொரு பகுதி வரும்போது எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். கணவர்மாரிடம் அடிவாங்கி முகத்தில் தழும்போடு வந்து குறைசொல்லும் பெண்களிடம் மோனிக்கா, திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே நாம் அடிமைகளாகிவிட்டோம், அதை நினைத்து அடங்கி நடங்கள் என்று புத்தி சொல்வாராம். பத்ரீசியுஸ் அவரை ஒருநாளும் அடித்ததில்லை என்பதையும் மகன் பெருமையாகச் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டில் ஒரு பெண் தன் உடம்பைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி அது. அதை எடுத்து இன்றைக்குக் குடிகாரக் கணவனிடம் உதைபடும் பெண்ணுக்கு, மோனிக்கம்மாளைப் போலப் பொறுத்துக்கொள் என்று சொல்வது கொடுமை. ஆகஸ்டு 27ஆம் தேதி அவருடைய திருநாள் பிரசங்கங்களில் இந்தக் கொடுமையை என் காதாரக் கேட்டிருக்கிறேன்.

அழுகையும் பொறுமையும் மட்டும்தான் மோனிக்கா என்று நினைப்பவர்கள் அவர் வீட்டுக் கதவை அடைத்ததை மறந்துவிடுகிறார்கள். கார்த்தேஜில் படிக்கப்போன மகன் மானிக்கேய மதத்தில் சேர்ந்து திரும்பியபோது, ஒரே கூரையின் கீழ் இருக்கவும் ஒரே மேசையில் சாப்பிடவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. மகனை வெளியே நிறுத்திவிட்டார். பிறகு ஒரு கனவு. மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மேல் அழுதுகொண்டு நிற்கிறார். ஒளிமிக்க இளைஞன் ஒருவன் வந்து, நீ நிற்கும் இடத்தில் யார் நிற்கிறான் பார் என்கிறான். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மகன். கனவைக் கேட்ட மகன், அப்படியானால் நீங்கள் ஒருநாள் என் பக்கம் வருவீர்கள் என்று அர்த்தம் பண்ணப் பார்த்தான். யோசிக்கக்கூட இல்லாமல் அம்மா திருப்பிச் சொன்னார்: நான் உன் இடத்தில் நிற்பேன் என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நீ என் இடத்தில் நிற்பாய் என்றுதான் சொல்லப்பட்டது. கனவைவிட அந்தச் சுறுசுறுப்பான பதில்தான் தம்மை அசைத்தது என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். அதற்குப் பிறகு மகனுக்கு மறுபடி வீட்டில் சோறு கிடைத்தது. அவன் மாறவில்லை, மாற இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. கதவைத் திறந்தது அம்மாதான்.

383இல் அந்த மகன் அவரை ஏமாற்றிவிட்டு ரோமுக்குக் கப்பலேறினான். நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, தாயைப் புனித சிப்ரியான் நினைவுக் கோவிலில் இரவு செபிக்க விட்டுவிட்டு, இருட்டோடு இருட்டாகப் போய்விட்டான். விடிந்ததும் கடற்கரையில் நின்று அவர் கதறினார். பிறகு கடல் கடந்து மிலான்வரை மகனைத் தேடிப் போனார். கைம்பெண், ஐம்பதைத் தாண்டியவர். புயலில் கப்பல் தத்தளித்தபோது மாலுமிகளுக்கே அவர்தான் தைரியம் சொன்னார்.

மிலானில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு மிகப் பிடித்தது. ஆப்பிரிக்காவில் மறைசாட்சிகளின் நினைவிடங்களுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் கொண்டுபோய்ப் படைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். மிலானிலும் மோனிக்கா கூடையோடு போனார். வாசற்காவலர் தடுத்தார், ஆயர் அம்புரோஸ் தடைசெய்திருக்கிறார் என்றார். மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிட்டார். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுதிரியுமாகப் போகிற நமக்கு அந்தக் கூடை அந்நியமானது அல்ல. எத்தனையோ சந்ததியாக வந்த கைப்பழக்கத்தை ஒரு வார்த்தையில் விடுவது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும்.

இப்போது டோரதி. 1897 நவம்பர் 8 அன்று புரூக்லினில் பிறந்தார். பத்திரிகையாளர், சோசலிஸ்டுகளின் தோழி, இரவெல்லாம் மதுக்கடைகளில் பேசிக் கழித்த இளமை, ஒரு கருக்கலைப்பு, நிலைக்காத ஒரு திருமணம். மோனிக்காவின் கதையில் மகன் நடந்த பாதையில் இங்கே தாயே நடந்திருக்கிறார். அகுஸ்தீனாரும் மோனிக்காவும் ஒரே உடம்பில் வாழ்ந்ததுபோல.

தமது நாவல் ஒன்றின் திரைப்பட உரிமை விற்ற பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் சிறிய குடில் ஒன்றை வாங்கினார். அங்கே அவரோடு வாழ்ந்தவர் ஃபோர்ஸ்டர் பாட்டர்ஹாம். கடல் உயிர்களை நேசித்த மனிதர். கடவுளையும் அரசையும் திருமணத்தையும் ஏற்காதவர். 1926 மார்ச் 4 அன்று மகள் தாமர் தெரேசா பிறந்தாள். அந்த மகிழ்ச்சிக்கு நன்றி சொல்ல ஒருவர் வேண்டும் என்று டோரதிக்குத் தோன்றியது. தெருவில் கண்ட ஒரு கன்னியாஸ்திரியிடம் போய்க் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எப்படி என்று கேட்டார். 1927 ஜூலையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று தாயும் பெற்றார். ஃபோர்ஸ்டர் கோவிலில் மணம் முடிக்க மறுத்துவிட்டார். டோரதி பிரிந்தார். பிரிந்த பிறகும் பல ஆண்டுகள், என்னை மணந்துகொள் என்று கெஞ்சி அவருக்குக் கடிதம் எழுதினார். 2010இல் வெளியான அவருடைய கடிதத் தொகுப்பில் அவற்றைப் படிக்கலாம். காதலும் கோபமும் விட்டுக்கொடாத நம்பிக்கையும் ஒரே தாளில் கலந்து கிடக்கும்.

அகுஸ்தீனாரோடு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து அதெயொதாத்துஸைப் பெற்ற பெண்ணுக்கும் ஃபோர்ஸ்டருக்கும் கிடைத்த இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கு 'கன்பெஷன்ஸ்' நூலில் பெயரே இல்லை. மகனுக்கு நல்ல சம்பந்தம் முடித்துவிட வேண்டும், அப்போதுதான் அவன் திருமுழுக்குப் பக்கம் வருவான் என்று மிலானில் முன்நின்று முயன்றவர் மோனிக்கா. பேசி முடித்த பெண்ணோ சட்டப்படியான மணவயதுக்கு இன்னும் இரண்டு ஆண்டு குறைந்த சிறுமி. அதற்காகத் துணைவி ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இனி வேறோர் ஆணை அறியேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, பெற்ற மகனைத் தகப்பனிடம் விட்டுவிட்டு அவர் போனார். அவரைப் பிரித்த இடத்தில் தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக அகுஸ்தீனார் ஒப்புக்கொள்கிறார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பையன் தகப்பனோடும் பாட்டியோடும் இருந்துவிட்டான். அப்படியானால் ஒஸ்தியாவில் அவன் கதறிய கதறலில் இரண்டு இழப்புகள் இருந்தன என்று நான் நினைக்கிறேன். கப்பலேறிப் போன அம்மாவுக்காக அழ அவனுக்கு அதற்கு முன் யாராவது இடம் கொடுத்தார்களா?

தம் தாய்க்குக்கூட அகுஸ்தீனார் நூல் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் பெயர் சொல்கிறார். அதுவும் ஒன்பதாம் புத்தகத்தின் இறுதியில், படிப்பவர்கள் மோனிக்காவையும் பத்ரீசியுஸையும் பலிபீடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும்போது. மற்ற இடங்களில் எல்லாம் 'என் தாய்'. அது அன்பின் வழக்கம், குற்றம் சொல்ல மாட்டேன். மகனுக்குத் தாய் ஒரு பெயராக இருப்பதில்லை. ஆனால் பெயர் சொல்லாமை இன்னொரு பெண்ணுக்கு நேர்ந்தபோது அது அழிப்பாகிவிட்டது.

கேட் ஹென்னஸியின் நூலில் ஃபோர்ஸ்டர் முழு மனிதராக நடமாடுகிறார். பேத்திக்கு அவர் பாட்டியின் பழைய பாவம் அல்லவே, தாத்தா. கடலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் கண்கள் தாமருக்கு அவரிடமிருந்து வந்தவை. ஃபோர்ஸ்டரின் பின்னாளைய துணைவி நானெட் புற்றுநோயில் கிடந்தபோது டோரதியே அருகிலிருந்து பணிவிடை செய்தார். தம்மை மணக்க மறுத்தவரின் வீட்டில், தமக்குப் பின் வந்த பெண்ணின் கட்டிலருகே. டோரதியின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான். பட்டினியாளர்களுக்குக் கஞ்சி ஊற்றியதைவிடவும் பெரியது. மகனோ சீடரோ எழுதியிருந்தால் இதை ஓர் அறச்செயலாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். பேத்திக்கு இது குடும்ப விஷயம். யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், யார் யாரை மன்னித்தார்கள் என்பதெல்லாம் பேத்திமாருக்குத்தான் தெரியும்.

1933 மே 1 அன்று யூனியன் சதுக்கத்தில் டோரதியும் தோழர்களும் தங்கள் இதழின் முதல் பிரதிகளைப் பிரதி ஒரு சென்ட்டுக்கு விற்றார்கள். அச்சிட்டவை 2,500. பிரெஞ்சு விவசாயக் குடும்பத்தில் வந்த பீட்டர் மோரின் என்ற நாடோடிச் சிந்தனையாளர் கொடுத்த யோசனை அது. சில ஆண்டுகளில் அச்சிட்ட பிரதிகள் லட்சத்தைத் தாண்டின. வேலையில்லாத் திண்டாட்ட காலம். காப்பிக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அவர்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். விருந்தோம்பல் இல்லங்கள் என்று அவற்றுக்குப் பெயர். இதெல்லாம் தொடங்கியபோது தாமருக்கு ஏழு வயது. எல்லாருக்கும் திறந்திருக்கும் வீட்டில் ஒரு குழந்தைக்குத் தனியாக ஒரு மூலை கிடைப்பது அரிது. அம்மாவோ பேருந்து ஏறி நாடெங்கும் பேசப் போய்விடுவார். மகள் யாரிடமாவது இருப்பாள். ஊருக்கெல்லாம் தாயானவரின் சொந்தப் பிள்ளை தாய்க்காகக் காத்திருப்பது, மிலானுக்குத் தாய் துரத்திவந்த கதைக்கு நேர் எதிர்.

டோரதியும் ஒரு காலத்தில் கதவை அடைத்தார். 1940களின் தொடக்கத்தில், பற்றுகளை ஒன்றுவிடாமல் அறுக்கச் சொல்லும் கண்டிப்பான தியானங்களில் அவர் தம்மை ஆழ்த்திக்கொண்டார். அந்தக் கண்டிப்பின் பாரம் வளர்ந்துவந்த மகளின்மேலும் விழுந்தது. 1944 ஏப்ரலில், பதினெட்டு வயது நிறைந்த கையோடு, தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த டேவிட் ஹென்னஸியைத் தாமர் மணந்தார். ஒன்பது பிள்ளைகள், ஓயாத வறுமை, பலன் தராத பண்ணை நிலங்கள், கடைசியில் முறிந்துபோன மண வாழ்க்கை. பின்னாளில் தாமர் திருச்சபையை விட்டே விலகிவிட்டார். பேரப்பிள்ளைகளிலும் பூசையை விட்டவர்கள் உண்டு. போரே கூடாது என்று வாழ்நாள் முழுதும் எழுதிச் சிறை சென்ற பாட்டியின் பேரன் ஒருவன் இராணுவ வீரனாக வியட்நாமுக்குப் போனான்.

டோரதி என்ன செய்தார்? மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1948இல் மேற்கு வர்ஜீனியாவில் தாமரின் பிரசவத்துக்காகப் போய்த் தங்கிய மாதங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அடுப்பு, துணி துவைப்பு, பேரப்பிள்ளைகளின் கூச்சல், நடுவில் செபம். பின்னர் வெர்மாண்டுக்குக் குடிபோன மகளின் வீட்டுக்கும் அப்படியே. பிள்ளைகள் கோவிலுக்கு வராதது அவரை வருத்தியது; அதை நாட்குறிப்பில் மறைக்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டு மேசையிலிருந்து யாரையும் எழுப்பவில்லை. மோனிக்கா ஒரு கனவுக்குப் பின் கதவைத் திறந்தார். டோரதிக்குக் கனவு எதுவும் வரவில்லை. நீ நிற்கும் இடத்தில் அவள் நிற்பாள் என்று எந்த ஒளிமிக்க இளைஞனும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்கு இல்லாமலே அவர் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் மகனின் நினைவும் பேத்தியின் நினைவும் பிரிந்து போகின்றன. அகுஸ்தீனார் எழுதும்போது முடிவு அவருக்குத் தெரியும். 386ஆம் ஆண்டுக் கோடையில் மிலானின் தோட்டத்தில் மனம் திரும்பினார். 387 ஏப்ரலில், ஈஸ்டர் இரவில், மகன் அதெயொதாத்துஸோடு சேர்ந்து அம்புரோஸ் கையால் திருமுழுக்குப் பெற்றார். ஒஸ்தியாவில் தோட்டத்தைப் பார்த்த சன்னலில் தாயும் மகனும் சாய்ந்து நின்று, இறைவனில் நிலைத்த வாழ்வைப் பற்றிப் பேசிப் பேசி ஒரு கணம் அதைத் தொட்டே விட்டார்கள். இனி இவ்வுலகில் எனக்கு என்ன வேலை என்று அப்போது தாய் கேட்டார். அந்தச் சன்னலிலிருந்து திரும்பிப் பார்ப்பதால் முந்தைய கண்ணீரெல்லாம் படிக்கட்டாகத் தெரிகிறது. கதவடைத்தது, சிறுமியை நிச்சயித்தது, ஒரு பெண்ணைக் கப்பலேற்றியது எல்லாம் அந்த வெளிச்சத்தில் சிறுத்துவிடுகின்றன. எழுதுகிறவரே தாயின் வேண்டுதலுக்குக் கிடைத்த பதில். அவர் எப்படித் தாயைக் குறுக்குவிசாரணை செய்வார்?

கேட்டுக்கு அந்தச் சன்னல் இல்லை. பாட்டியை வணங்கும் ஊரும், பாட்டியால் காயப்பட்ட அம்மாவும் அவருக்கு இரு பக்கங்களிலும் நிற்கிறார்கள். தாமர் 2008இல் இறந்தார். நூலைத் தாமருடைய கதையாகவும் கேட் எழுதினார் என்பதுதான் அதன் பலம். பாட்டியின் நம்பிக்கை வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு விலையாக விழுந்தது என்று எழுதுகிறார்; அதை எழுதியதால் பாட்டி சிறுத்துப்போகவில்லை. 2000இல் டோரதியைப் புனிதராக்கும் முயற்சிக்கு ரோம் ஒப்புதல் தந்தது. அவர் இப்போது இறை ஊழியர். 2021 டிசம்பரில் நியூயார்க் உயர்மறைமாவட்டம் தன் விசாரணையை முடித்து ஆவணங்களை ரோமுக்கு அனுப்பியது. அந்தப் பெட்டிகளில் ஆயிரமாயிரம் பக்கங்கள் இருக்கும். தம் தாய்க்காகக் காத்திருந்த ஒரு சிறுமியின் பக்கம் இல்லாமல் அந்தக் கோப்பு முழுமையாகாது என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர் ஒருவராகத்தான் இதைச் சொல்கிறேன்.

மகன் எழுதியது பொய் என்று சொல்ல வரவில்லை. ஒஸ்தியாச் சன்னலை ஒரு பேத்தியால் எழுதியிருக்க முடியாது. தாயும் மகனும் அங்கே பேசிக்கொண்டதை, அதில் இருந்தவர் ஒருவர்தான் எழுத முடியும். தாயின் கண்களை மூடியவர், அழக்கூடாது என்று தம்மைக் கட்டிப்போட்டவர், குளித்தால் துயரம் போகும் என்று குளித்துப் பார்த்தவர், தூங்கி எழுந்த பிறகு தனியாகப் படுக்கையில் ஒரு மணி நேரத்தின் சிறு பகுதி மட்டும் அழுதவர். அந்தச் சிறு அழுகைக்குக்கூட வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறார். பையனின் அழுகையை அடக்கிய அதே வீட்டில் தகப்பனின் அழுகையும் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. பெரியவர்கள் அழாமல் இருந்தது நம்பிக்கையால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேரன் ஒருவன் எழுதியிருந்தால் அப்பா அழுததை அவனும் எழுதியிருப்பான், மன்னிப்பு இல்லாமல்.

இருவருடைய கடைசி விருப்பங்களையும் சொல்ல வேண்டும். சொந்த ஊரில், கணவருக்குப் பக்கத்தில் தமக்கென்று ஏற்பாடு செய்து வைத்திருந்த கல்லறையில் கிடக்க வேண்டும் என்பது மோனிக்காவின் பழைய ஆசை. ஒஸ்தியாவில் அதை விட்டுவிட்டார். ஊரில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று இன்னொரு மகன் நவீஜியுஸ் வருந்தியபோது, உடம்பை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றார். நம் வீடுகளில் இறந்தவருக்காகப் பூசைக் கருத்து எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல்தான் கேட்கிறது. 1430இல் அவர் எலும்புகள் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டன. இன்று மகன் பெயரிலுள்ள கோவிலில் இருக்கின்றன. அவருடைய கல்லறைக் கல்வெட்டு ஒஸ்தியாவிலேயே மண்ணுக்குள் கிடந்தது. 1945இல் கோவில் முற்றத்தில் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழிதோண்டிய பையன்களின் கையில் அதன் ஒரு துண்டு அகப்பட்டது. பேரப்பிள்ளை வயதுப் பையன்கள்.

டோரதி, முதன்முதலில் நன்றி சொல்ல ஆள் தேடிய அதே ஸ்டேட்டன் தீவில் அடங்கியிருக்கிறார். கல்லில் 'தேவனுக்கு நன்றி' என்று இலத்தீனில் இரண்டு சொற்கள்.

அவர் சாகும்போது அருகில் இருந்தவர் தாமர். கோவிலை விட்ட மகள். செபம் சொல்லத் தெரிந்த எத்தனையோ பேர் அந்த வீட்டில் இருந்தும், கடைசி மூச்சுக்கு உடனிருந்தவர் அவர்தான். டிசம்பர் 2 அன்று வெறும் பைன் மரப் பெட்டியைப் பேரப்பிள்ளைகள் தோளில் சுமந்து கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் தாமர் வந்தார். ஃபோர்ஸ்டரும் வந்திருந்தார். கர்தினால் டெரன்ஸ் குக் பெட்டியை மந்திரிக்க வாசலில் நின்றார். ஊர்வலம் நின்ற அந்த நேரத்தில், மனம் பேதலித்த தெருமனிதர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பெட்டியின்மேல் குனிந்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் தடுக்கவில்லை.